ஆட்டோடு போகும் நாய்க்கு என்ன போடுவது: கூழா, பாக்கெட்டா, பச்சைக் கறியா?

கேள்வி: சாத்தூர் பக்கம் எங்களுக்குத் தோட்டமும் எண்பது செம்மறி ஆடும் இருக்கின்றன. இரண்டு நாய். இரவுக் காவலுக்கு 28 கிலோவில் ஒரு ராஜபாளையம், ஆண். ஆட்டோடு மேய்ச்சலுக்குப் போய்வர 18 கிலோவில் ஒரு பெட்டை, கன்னி என்ற வேட்டை நாய் இனமும் நாட்டு நாயும் கலந்தது. ஆணுக்குப் பெரிய சட்டி, பெட்டைக்குச் சின்னச் சட்டி. இரண்டிலும் கம்பங்கூழும் மோரும், ஞாயிற்றுக்கிழமை கறி எலும்பு. ஆண் நாய் கொழுக்கிறது, பெட்டை நாளுக்கு நாள் இளைக்கிறது. தாத்தா கூழே போதும் என்கிறார். கடைக்காரர் பாக்கெட் தீவனம் என்கிறார். யூடியூபில் ஒருவர் பச்சைக் கறி தவிர எதுவும் கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

தம்பி, உங்கள் கேள்வியில் எனக்கு முதலில் உறுத்தியது சட்டிதான். பெரிய உடம்புக்குப் பெரிய சட்டி, சின்ன உடம்புக்குச் சின்னச் சட்டி என்று வைத்திருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள். ஆனால் வேலை செய்கிற நாய்க்கு உடம்பைப் பார்த்தால் மட்டும் பற்றாது, ஒரு நாளைக்கு அது எத்தனை மைல் நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

சின்னக் கணக்கு ஒன்று சொல்கிறேன், தாளில் போட்டுப் பாருங்கள். நாயின் எடையை 30ஆல் பெருக்கி அதோடு 70ஐக் கூட்டுங்கள். நாள் முழுக்கச் சும்மா படுத்துக் கிடக்க அதற்கு வேண்டிய கலோரி தோராயமாக அதுதான். உங்கள் ராஜபாளையத்துக்கு 910 வருகிறது, பெட்டைக்கு 610. இனி வேலையைச் சேர்க்க வேண்டும். ராஜபாளையம் ராத்திரியில் நாலைந்து தடவை வேலியைச் சுற்றி வரும், குரைக்கும், மிச்ச நேரம் களத்தில் படுத்திருக்கும். அதற்கு ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் கூட, 1.6 மடங்கு என்று வைத்தால் 1,450 கலோரி. பெட்டை காலையில் ஆட்டோடு கிளம்பினால் பொழுது சாயத்தான் திரும்புகிறது. ஆடு ஒரு மைல் நடந்தால், முன்னும் பின்னும் ஓடி மறிக்கிற நாய் அதைவிட அதிகம் நடந்திருக்கும். அதற்கு இரண்டரை மடங்கு, 1,525 கலோரி.

பார்த்தீர்களா? பத்து கிலோ குறைவான நாய்க்குத்தான் கொஞ்சம் கூடுதல் தீனி வேண்டியிருக்கிறது. நீங்கள் நேர்மாறாகப் போட்டு வந்திருக்கிறீர்கள். ஒன்று கொழுத்ததும் மற்றது இளைத்ததும் ஒரே கோளாறின் இரண்டு பக்கம். பெட்டைக்குப் பூச்சி மருந்து கொடுத்து வெகுநாளாகியிருந்தால் அதையும் பார்க்க வேண்டும், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது தாத்தா. அவர் சொல்வதில் பொய் இல்லை. நம் சீமையில் நாய்கள் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் சோளக் கஞ்சியும் குடித்துத்தான் வளர்ந்தன. ஆனால் தாத்தாவின் ஞாபகத்தில் இருப்பது அவர் ஊற்றியது மட்டும். நாய் தானாகத் தேடித் தின்றது அந்தக் கணக்கில் இல்லை.

நான் கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக் கிடை போட்டிருந்த ஒரு கீதாரியிடம், அதாவது தலைமை மேய்ப்பரிடம், ஓர் இரவு தங்க வேண்டியிருந்தது. பொழுது அடைந்ததும் தன் கஞ்சியில் மீந்ததை ஒரு நசுங்கிய அலுமினியச் சட்டியில் நாய்க்கு ஊற்றினார். நாய் நாலு நக்கு நக்கிவிட்டு நகர்ந்துவிட்டது. அப்புறம் வரப்போரம் எதையோ தோண்டி, ஒரு வெள்ளெலியைக் கவ்விக்கொண்டு வந்து தின்றது. நடுச்சாமத்துக்கு மேல் ஓர் ஆடு ஈன்றது. நாய் பத்தடி தள்ளிப் படுத்து, தாய் ஆடு குட்டியை நக்கி முடிக்கிற வரைக்கும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது. நஞ்சுக்கொடி விழுந்ததும் எழுந்து வந்து சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டு போனது. விடிந்ததும் கீதாரி என்னிடம், “நம்ம நாயிக்கு கஞ்சி மட்டுந்தான் சார், வேற ஒண்ணும் போடுறதில்ல” என்றார். பொய் சொல்லவில்லை அவர். போட்டதைத்தான் சொன்னார்.

எலி, ஓணான், முயல், நஞ்சுக்கொடி, செத்த குட்டி என்று கறியும் கொழுப்பும் ஈரலும் எலும்பும் நாய்க்கு வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தன. கூழ் அதற்கு மேல் வயிற்றை நிரப்பியது. இன்று உங்கள் பெட்டை ஆட்டை விட்டு விலகாமல் நிற்கப் பழகியது. முயல் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். செத்ததை நீங்கள் புதைத்துவிடுகிறீர்கள், புதைக்கத்தான் வேண்டும். ஆக, அந்த வெளிப்பங்கு நின்றுபோய், தாத்தாவின் பங்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கூழில் இன்னொரு சங்கடம், அது பெரும்பாலும் தண்ணீர். 100 கிராம் கம்பு மாவில் சுமார் 350 கலோரியும் 11 கிராம் புரதமும் இருக்கின்றன. தானியத்துக்கு அது நல்ல கணக்குதான், அரிசியைவிட மேல். ஆனால் கூழாகக் கரைத்தால் ஒன்றரை லிட்டர் குடித்தும் 500 கலோரி தாண்டாது. வயிறு முட்டிவிடும், உடம்புக்குப் பற்றாது. உங்கள் பெட்டை சட்டியை நக்கித் துடைத்துவிட்டும் இளைப்பது இதனால்தான். மூன்று மணி நேரமாவது விடாமல் நடந்து ஓடுகிற நாயின் உடம்பு பெரும்பாலும் கொழுப்பை எரித்துத்தான் ஓடுகிறது. அதன் தட்டில் கொழுப்பே இல்லையென்றால் எதை எரிக்கும்? பனியில் ஸ்லெட் வண்டி இழுக்கும் நாய்களை வைத்து நடந்த ஆய்வுகளில், புரதம் குறைந்த தீனி தின்றவற்றுக்குத் தசைக் காயங்கள் கூடியதைப் பார்த்திருக்கிறார்கள்.

அதற்காகத் தானியத்தையே ஒதுக்க வேண்டியதில்லை. யூடியூப்காரர் “நாய் ஓநாயின் வாரிசு, அதற்கு மாவுப்பொருள் செரிக்காது” என்று சொல்லியிருப்பார். 2013இல் ‘நேச்சர்’ இதழில் வந்த மரபணு ஆய்வு அதற்கு நேரெதிரான சேதி சொல்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கிற அமிலேஸ் நொதிக்கான மரபணு, ஓநாயைவிட நாயில் பல மடங்கு பெருகியிருக்கிறது. மனிதன் வீட்டுக் கஞ்சியை ஆயிரக்கணக்கான வருஷம் குடித்து வந்த பலன். நன்றாக வெந்த கம்பும் சோறும் நாய்க்குச் செரிக்கும். அரைவேக்காடுதான் வயிற்றைக் கலக்கும்.

பச்சைக் கறிக்காரர்கள் எப்போதும் அலாஸ்காவைக் காட்டுவார்கள். உண்மைதான். அங்கே ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் ஓடுகிற ஐடிடாராட் ஸ்லெட் வண்டிப் பந்தயத்தில், உங்கள் ராஜபாளையத்தைவிட எடை குறைந்த நாய்களே ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கலோரி வரைக்கும் தின்னும். கறியும் கொழுப்புமாக அள்ளிப் போடுவார்கள். ஆனால் அது பனியில், உறைந்த கறி. சாத்தூர் சித்திரை வெயிலில், காலையில் அறுத்துத் தொங்கவிட்ட கறியை மத்தியானம் வாங்கிவந்து பச்சையாகப் போட்டால், கூடவே வருகிற கிருமி நாயோடு நிற்காது. அது நக்குகிற குழந்தையின் கைக்கும் வரும். நம்மூருக்கு வேகவைத்துப் போடுவதே சரி என்பது என் முடிவு. பச்சைக் கறி வேண்டாம் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று ஆடு வளர்க்கிற உங்களுக்கு இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

சரி, என்ன போடலாம்?

பெட்டைக்கு ஒரு நாளைக்கு: 170 கிராம் கம்பு மாவு அல்லது அதே எடை அரிசி, நன்றாக வெந்தது. தோலோடு பிராய்லர் கோழி, எலும்பு நீக்கி 330 கிராம். கடையில் எலும்போடு அரைக் கிலோ வாங்கினால் சதை அவ்வளவு தேறும். அவித்த முட்டை இரண்டு. ஒரு தேக்கரண்டி கடலெண்ணெய் அல்லது நல்லெண்ணெய். ஒரு கைப்பிடி பூசணியோ கேரட்டோ சேர்த்து அவித்தது. எல்லாம் சேர்ந்து 1,500 கலோரியை ஒட்டி வரும், புரதம் 90 கிராமை ஒட்டி வரும். கோழித் தோலை வீசிவிடாதீர்கள். கடைக்காரர் உரித்துப் போடுகிற அந்தத் தோலில்தான் உங்கள் பெட்டை ஓடுவதற்கான எண்ணெய் இருக்கிறது.

ராஜபாளையத்துக்கு இதையே மாற்றிப் போடுங்கள். மாவு 220 கிராம், கோழி தோலில்லாமல் 300 கிராம், முட்டை இரண்டு, எண்ணெய் அதே ஒரு தேக்கரண்டி, பூசணி கொஞ்சம் தாராளமாக. ஒரே அடுப்பில் ஒரே பானையில் இரண்டுக்கும் வேகவைத்துவிடலாம், தோலை மட்டும் தனியாக வேகவைத்துப் பெட்டையின் சட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் கோழிக்குப் பதில் மத்தி மீன். விலையும் குறைவு, நல்ல கொழுப்பும் உண்டு. குக்கரில் முள் நசுங்குகிற வரை வேகவிடுங்கள். பச்சை மத்தியில் பி1 வைட்டமினைச் சிதைக்கிற நொதி ஒன்று இருக்கிறது, வேகவைத்தால் அது போய்விடும். கருவாடு வேண்டாம், உப்பு. ஈரல் வாரத்துக்கு நூற்றைம்பது கிராம் போதும். ஈரல் நல்லது என்று தினமும் போட்டால் ஏ வைட்டமின் உடம்பில் தேங்கி எலும்பைக் கெடுக்கும்.

கறி வாங்க வழியில்லாத வாரத்தில் என்ன செய்வது என்று அடுத்து கேட்பீர்கள். கோழிக்கடையில் தலையும் காலும் அள்ளிக்கொடுப்பார்கள். குக்கரில் முக்கால் மணி நேரம் வேகவைத்து, எலும்பு விரலால் நசுக்கினால் மாவாகிற பதத்துக்கு வந்தால் போடலாம். ஆனால் காலில் இருக்கிற புரதம் பெரும்பாலும் தோலும் ஜவ்வும், சதைக்கு ஈடாகாது. கூட ஒரு முட்டை சேர்த்துக்கொள்ளுங்கள். மீல்மேக்கரும் கைகொடுக்கும், அதில் பாதிக்குமேல் புரதம். வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, கறியில் கால் பங்குக்குப் பதிலாகப் போடலாம்.

அடுத்தது சுண்ணாம்புச் சத்து. வீட்டில் சமைத்துப் போடுகிறவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தவறுகிற இடம் இதுதான் என்பது என் அனுபவம். கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகமிகக் குறைவு. அரிசியும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும். கறிச்சோறு மட்டும் தின்று வளர்ந்த குட்டிகள் முன்னங்கால் வளைந்து, தாவினாலே எலும்பு முறிகிற நிலையில் என்னிடம் வந்திருக்கின்றன. வளர்த்தவர்கள் பாசத்தில் குறை வைத்தவர்கள் இல்லை. ‘தினம் கறி போடுறோம் டாக்டர்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

வழி உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. நீங்கள் அவிக்கிற முட்டையின் ஓட்டைக் காயவைத்து, மிக்சியில் மாவாகப் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டிப் பொடியில் சுமார் 2 கிராம் கால்சியம். உங்கள் நாய்களுக்குத் தலைக்கு ஒரு தேக்கரண்டி, தினமும், சோற்றோடு பிசைந்து. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது என்பது உண்மை. அதனால் வாரத்தில் சில நாள் கம்புக்குப் பதில் கேழ்வரகு போடலாம். ஆனாலும் அதில் உடம்பில் சேருவது முழுசாகச் சேராது, ஓட்டுப்பொடியை நிறுத்தாதீர்கள்.

துத்தநாகம், ஈ வைட்டமின், அயோடின் எல்லாம் வீட்டுச் சாப்பாட்டில் வழக்கமாகக் குறைகிறவை. 2013இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்திருந்தது. கால்நடை மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளிலும் பலவற்றில் குறை இருந்தது என்பதால் நானும் பெருமை பேச முடியாது. மருத்துவரிடம் கேட்டு நாய்க்கென்று வருகிற தாதுக்கலவையை எடைக்கேற்ப வாங்கிச் சேருங்கள். மாட்டுக்கு வைத்திருக்கிற தாது உப்புக் கலவையை அள்ளிப் போடக் கூடாது, அதன் விகிதமே வேறு.

இப்போது நான் உண்மையிலேயே பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். அது பூஞ்சணம்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு தோட்டத்திலிருந்து மூன்று நாய்களைக் கூட்டிவந்தார்கள். மூன்றுக்கும் ஈறு மஞ்சள், வாந்தி, தார்போலக் கறுத்த மலம். ஒன்று மேசையிலேயே போய்விட்டது. விஷம் வைத்துவிட்டார்கள் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். என்ன போடுகிறீர்கள் என்று கேட்டு, மறுநாள் போய்ப் பார்த்தேன். மோட்டார் கொட்டகையில் மழை ஒழுகுகிற மூலையில் மக்காச்சோள மூட்டை, பக்கத்தில் கடலைப் பிண்ணாக்கு. மூட்டைக்குள் கையை விட்டதும் சூடு தெரிந்தது, பச்சையும் மஞ்சளுமாகத் தூள் ஒட்டியது. அதில்தான் தினமும் கஞ்சி காய்ச்சியிருக்கிறார்கள். கோழிக்கு ஆகாது என்று ஒதுக்கியதை நாய்க்குப் போட்டிருக்கிறார்கள்!

அந்தப் பூஞ்சணம் சுரக்கிற அஃப்ளாடாக்சின் ஈரலைத் தின்கிற நஞ்சு, நாய் அதற்கு மிகவும் எளிதில் இரையாகும். கொதிக்கவைத்தாலும் அது போகாது. 1974 கடைசியில் ராஜஸ்தானின் பன்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டக் கிராமங்களில், பருவம் தப்பிய மழையில் நனைந்து பூத்துப்போன மக்காச்சோளத்தைத் தின்று நூறு பேருக்கு மேல் மஞ்சள் காமாலையில் செத்தார்கள். அங்கே அதே சோளத்தைத் தின்ற வீட்டு நாய்களும் வயிறு வீங்கிச் செத்தன. மாவை மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும் அரையுங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். கட்டி தட்டியிருந்தாலோ முடை நாற்றம் வந்தாலோ குப்பைக்குழிக்குப் போகட்டும், ஆட்டுக்கும் வேண்டாம். கடலைப் பிண்ணாக்கை நாயின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பச்சைக் கறி வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது என்றேனே, அது கிடா வெட்டு. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகிற நாளில் நாய்களுக்குக் கொண்டாட்டம். குடலும் நுரையீரலும் அப்படியே அவற்றின் முன்னால் விழும். அறுக்கிறவர் பார்த்திருப்பார், நுரையீரலிலோ ஈரலிலோ சில சமயம் பளிங்குபோல நீர்க்கட்டிகள் இருக்கும். அது ஒரு நாடாப்புழுவின் குஞ்சுக் கூடு. பச்சையாகத் தின்ற நாயின் குடலில் புழுவாகி, ஏழு வாரத்துக்குள் முட்டையிட ஆரம்பிக்கும். நாய்க்கு வெளியே ஒன்றும் தெரியாது. அதன் மலத்திலிருந்து முட்டை புல்லுக்கு, புல்லிலிருந்து ஆட்டுக்கு. நாயைத் தடவின கையிலிருந்து நம் வயிற்றுக்கு. மனிதனின் ஈரலிலும் அதே நீர்க்கட்டி வளரும், பல வருஷம் கழித்துத்தான் தெரியவரும். ஆட்டு மூளையைப் பச்சையாகத் தின்றாலும் இதே வகையில் வேறொரு புழு. அதன் முட்டை பட்ட ஆடு தலையைச் சாய்த்து ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழும்.

செம்மறி ஆட்டு நாடான நியூசிலாந்தில் இந்த நீர்க்கட்டி நோயை ஒழிக்கப் பல பத்தாண்டுகள் போராடி, 2002இல்தான் ஏறக்குறைய ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பண்ணை நாய்க்கு ஆட்டுக்கறி போடுவதென்றால் வேகவைத்துப் போடு, இல்லாவிட்டால் கழித்தல் 10 டிகிரியில் பத்து நாள் உறையவைத்துப் போடு என்பது அங்கே பாலபாடம். நம் வீட்டு ஃப்ரிட்ஜில் அடிக்கடி கரண்ட் போகிற நிலையில் இரண்டாவது வழியை நம்ப முடியாது. வேகவையுங்கள், அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்கட்டும். கட்டி இருக்கிற நுரையீரலையும் ஈரலையும் எரித்துவிடுங்கள். பிரசிகுவாண்டல் கலந்த பூச்சி மாத்திரையை எடைக்கேற்ப, ஆட்டோடு பழகுகிற நாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒரு தடவை கொடுப்பது நல்லது. பெட்டைக்குக் கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நினைவில்லையென்றால் இந்த வாரமே மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். புழுவுக்குப் போட்டது போக மிச்சம்தான் நாய்க்கு.

ஞாயிற்றுக்கிழமைக் கறி எலும்பைப் பற்றி: வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். நிறுத்திவிடுங்கள். மீந்த சாம்பார் சாதம், குழம்புச் சோறு, பிரியாணி எல்லாவற்றிலும் வெங்காயம் இருக்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். ஒரு நாளில் தெரியாது, தொடர்ந்து போட்டால் சோகை பிடிக்கும். திராட்சையும் சாக்லேட்டும் சேரவே சேராது. பாலைவிட மோர் நல்லது. நீங்கள் ஏற்கனவே மோர்தான் ஊற்றுகிறீர்கள், தொடருங்கள்.

நேரமும் முக்கியம். குறிப்பாக ராஜபாளையத்துக்கு, ஏனென்றால் நெஞ்சு ஆழமான நாய். இப்படிப்பட்ட நாய் வயிறு நிறையத் தின்ற கையோடு ஓடினால் இரைப்பை உப்பி அப்படியே முறுக்கிக்கொள்ளும். வாந்தி எடுக்கக் குமட்டும், ஒன்றும் வராது. எச்சில் ஒழுகும், வயிறு தவில்போல விறைக்கும். அப்படிக் கண்டால் ஓமத்தண்ணி, கஷாயம் என்று நேரத்தைக் கடத்தாதீர்கள், சில மணி நேரத்தில் உயிர் போகும். அறுவை சிகிச்சை செய்கிற இடத்துக்கு உடனே வண்டி எடுங்கள். வராமல் தடுக்க, காவல் முடிந்து அது படுக்கிற காலை எட்டு மணிக்குப் பெரிய சாப்பாடு, சாயங்காலம் ஐந்து மணிக்குச் சின்னது. ராத்திரி வேலை ஆரம்பிக்கிறபோது வயிறு லேசாக இருக்க வேண்டும்.

பெட்டைக்கு இதைத் திருப்பிப் போடுங்கள். விடிகாலை ஐந்தரைக்கு கால் பங்கு. மேய்ச்சலிலிருந்து வந்து, மூச்சிரைப்பு அடங்கி, ஒரு மணி நேரம் ஆன பிறகு முக்கால் பங்கு. தாத்தாவின் கூழுக்கு இங்கே ஒரு நல்ல இடம் இருக்கிறது. காலைப் பங்கைக் கூழாகவே கொடுங்கள், முட்டையை அதில் மசித்து. வெயிலில் போகிற நாய்க்கு வயிற்றில் தண்ணீரோடு போவது நல்லது. 18 கிலோ நாய்க்குச் சும்மா இருந்தாலே ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும், பங்குனி சித்திரையில் மேய்ச்சலுக்குப் போனால் இரண்டு மூன்று மடங்கு. மேய்க்கப் போகிறவர் தோளில் ஒரு கேன் நாய்க்கென்று தொங்கட்டும். மனிதனைப்போல அதற்கு வேர்த்து உப்பு வெளியேறாது, நாக்கைத் தொங்கவிட்டுத்தான் சூட்டைத் தணிக்கிறது. அதனால் உப்புக்கரைசல், குளுக்கோஸ் என்று கலக்க வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

பாக்கெட் தீவனத்தை நான் கெட்டது என்று சொல்ல மாட்டேன். சமைக்க ஆள் இல்லாத வீட்டுக்கு அதுதான் நேர்மையான வழி. முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கம் படியுங்கள். காவல் நாய்க்குப் புரதம் 22, கொழுப்பு 10 சதவீதம் போதும். ஆட்டோடு ஓடுகிற பெட்டைக்குப் புரதம் 28, கொழுப்பு 16 சதவீதத்துக்குக் குறையாமல் பாருங்கள். வளர்ந்த நாய்க்கான முழுச் சத்துணவு என்ற பொருளில் ஒரு வரி இருக்க வேண்டும். 100 கிராமுக்கு 380 கலோரி என்றால் பெட்டைக்கு நாளுக்கு 400 கிராம், மாதம் 12 கிலோ. அந்த விலையையும் மேலே சொன்ன சமையல் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பாதிக்குப் பாதி கலந்தும் போடலாம், அப்போது ஓட்டுப்பொடியையும் பாதியாக்குங்கள். தானியமே இல்லாதது என்று விலை கூட்டி விற்பதற்குப் போக வேண்டாம். பயறும் பட்டாணியும் நிறைந்த அந்த வகைத் தீவனங்களுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே விசாரிக்க ஆரம்பித்தது.

எதற்கு மாறினாலும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பத்து நாள் எடுத்துக்கொண்டு, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். கொழுப்புக்குப் பழகாத வயிற்றில் திடீரென்று கோழித் தோலைக் கொட்டினால் கழிச்சல் மட்டுமல்ல, கணையமே வீங்கிவிடலாம்.

நான் எழுதிய அளவெல்லாம் ஆரம்பப்புள்ளி. சரியா தவறா என்று நாயின் விலாதான் சொல்லும். உங்கள் கையை நீட்டிப் புறங்கையை மற்ற கை விரலால் தடவுங்கள், எலும்பு மெல்லத் தட்டுப்படுகிறதா? கண்ணை மூடிக்கொண்டு நாயின் விலாவைத் தடவும்போது அந்த உணர்வு வந்தால் சரி. கையை முஷ்டியாக்கி முட்டிகளைத் தடவினால் வருகிற உணர்வு வந்தால் இளைத்திருக்கிறது. உள்ளங்கையின் மேட்டை அமுக்குவதுபோல் இருந்தால் கொழுத்திருக்கிறது. கன்னி ரத்தம் உள்ள நாய்க்குக் கடைசி இரண்டு விலா கண்ணுக்குத் தெரிந்தால் பயப்படாதீர்கள், அதன் வாகு அப்படி. ஆனால் முதுகெலும்பு கணுக்கணுவாகத் தெரியக் கூடாது.

ராஜபாளையத்தை இளைக்கவைக்க மனசு வராது, தெரியும். அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைத்தே வாழ்நாள் முழுக்கத் தீனி போட்டார்கள். 2002இல் வந்த முடிவில், குறைத்துத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்திருந்தன, மூட்டு வலியும் தாமதமாகத்தான் வந்தது. இதை உங்கள் வீட்டில் யார் ஒளித்துவைத்துத் தின்னக் கொடுக்கிறார்களோ அவர்களிடம் காட்டுங்கள்.

ஆடு நிறுக்கிற தராசு தோட்டத்தில் இருக்கும். இன்றைக்கே இரண்டையும் சாக்குத் தூளியில் போட்டு நிறுத்து, கதவுக்குப் பின்னால் தேதியோடு கரியால் எழுதிவையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நிறுங்கள். பெட்டை ஏறவில்லையென்றால் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள், ராஜபாளையம் இறங்கவில்லையென்றால் அதே அளவு குறையுங்கள். ஆறு வாரம் போட்டும், பூச்சி மருந்து கொடுத்தும் பெட்டை ஏறாவிட்டால் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் அதிகம், அதை எந்தத் தீனியாலும் சரிக்கட்ட முடியாது. அப்போது அந்தக் கதவில் எழுதிய எண்களை மருத்துவரிடம் படம் எடுத்துக் காட்டுங்கள்.